சர்க்கரை குறைந்த பாட்டில்

என் அம்முவுக்கு,

உடம்பு தேவலையா? தையல் ஆறிவிட்டதா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. நம் பிள்ளை தங்கவில்லை என்று நீ போனில் சொன்ன அன்று, ஆய்வகத்தில் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன். நான் வளர்ப்பவை நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள். தாயின் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவை. அவற்றுக்கு உணவாகச் சர்க்கரை குறைந்த நீரை ஊற்றிவிட்டு, இரண்டு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆய்வகத் தலைவியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு அவரே அளந்து பார்த்துவிட்டு, "சாகல தம்பி. சர்க்கரை குறைஞ்சதும் அதை உள்ளே விடுற வாசலை அதிகமாக்கி, முன்னைவிட வேகமா இழுத்திருக்குதுங்க" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அன்னைக்குக் கோவத்துல சாப்பிடாம படுத்துட்டேன், அதான் போயிட்டான்" என்று இனி சொல்லாதே. "வாயும் வயிறுமா இருக்கிறவ பட்டினி கிடக்கலாமா?" என்று அம்மா மறுபடி ஆரம்பித்தால் இதைப் படித்துக் காட்டு. ஏன் போனான் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வேளைப் பட்டினியால் இல்லை.

மூக்குக்கண்ணாடியின் காலை நூலால் கட்டியிருக்கிறேன். அலமாரியில் பழையது இருக்கும், அனுப்பு. கூடவே நாலு வரி எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நீ இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் தங்கை சொன்னாள். அன்று நீ பட்டினி கிடந்தபோதும் அவனுக்கு எடுத்துக் கொடுக்க உனக்குள் ஆள் இருந்தது. உனக்கு எடுத்துவைக்க நான் பக்கத்தில் இல்லை. நீயே போட்டுச் சாப்பிடு, அம்மு.