ஊசியாக வராத படிகங்கள்

அன்புள்ள மனைவிக்கு,

நானும் மகளும் நலம். மாமாவின் முறிந்த கால் எலும்பு கூடி வருவதாக நீ எழுதியது நிம்மதியாக இருந்தது. கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் அதட்டுகிறார் என்றும் எழுதியிருந்தாய். அப்படியானால் உடம்புக்கு ஒன்றுமில்லை. மகள் இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறாள். நான் ஒரு தடவை பின்னிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு எடுத்த முடிவு.

இனி ஆய்வகச் செய்தி. நீ அங்கிருந்து அனுப்பிய ராஜினாமா, இயக்குநரின் மேசையில் இருக்கிறது. மாதக் கடைசியில் கையெழுத்திடப் போவதாகச் சொல்கிறார். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

மாமாவைப் பார்த்துக்கொள்ள நீ போன பிறகும் நம் மருந்து டொலுவீன் கரைசலிலிருந்து ஊசி ஊசியாகத்தான் வந்தது. வடிகட்டித் துணியில் அப்பிக்கொண்டு ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. இயக்குநர் வழக்கம்போல, "இன்னும் கூலா வைங்கப்பா" என்றார். வைத்தோம். ஊசிகள் இன்னும் மெலிந்தன. அவருக்கு ஐஸ்பெட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு மட்டும்தான் தெரியாது.

கரைசலில் மூலக்கூறு சுருண்டிருப்பதுதான் சிக்கல், டொலுவீனை விட்டு வேறு கரைப்பானுக்கு மாற வேண்டும் என்று நீ கூட்டத்தில் சொன்னதற்குச் சிரித்தார்களாமே, அதைச் செய்து பார்த்தேன். டொலுவீனுக்குப் பதில் எத்தனால். நம்பிக்கையால் அல்ல, நீ சொன்னது தவறு என்று நிரூபித்து, பணிவாக உனக்கு எழுதலாம் என்ற நல்லெண்ணம்தான். காலையில் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் கல்லுப்பு மாதிரி கட்டி கட்டியான படிகங்கள். தேநீர் ஆறுவதற்குள் வடிந்துவிட்டது. மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் நம் என்.எம்.ஆர் கருவியிலும் பார்த்தேன். டொலுவீனில் அந்த மூலக்கூறு தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு கிடக்கிறது. எத்தனால் அந்தப் பிடியைத் தளர்த்தி நிமிர்த்திவிடுகிறது. குளிர்விப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்ற என் கொள்கைக்கு இது நல்ல செய்தியல்ல.

எத்தனால் வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் கணக்கதிகாரி. "மூலக்கூறு சுருண்டா என்ன, நிமிர்ந்தா என்ன? எடை ஒண்ணுதானே சார்?" என்றார். கூட்ட அறைக்கு அழைத்துப் போய் மடக்கு நாற்காலிகளைக் காட்டினேன். மடக்கியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். பாதி விரிந்த ஒன்றை நடுவில் போட்டால், யாராவது அதை மடக்கும்வரை மேலே எதுவும் ஏறாது. படிகத்தின் பக்கவாட்டில் சுருண்ட மூலக்கூறுகள் இப்படித்தான் உட்கார்ந்து வழியை அடைக்கின்றன. பக்கம் வளராமல் நுனி மட்டும் நீண்டு ஊசியாகிறது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை பீப்பாய் டொலுவீன் வாங்கியிருக்க மாட்டேனே!" என்றார். முதலிலேயே சொன்னவள் நீ என்றேன். "அந்தம்மாவா? அப்புறம் எதுக்குய்யா சிரிச்சீங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அன்று விடுப்பில் இருந்தேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

இயக்குநர் வந்தார். படிகத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். கரைப்பானை மாற்றச் சொல்லி ஆரம்பத்திலிருந்தே தான் கத்திக்கொண்டிருந்ததாக அறிவித்தார். "இதையே இன்னும் கொஞ்சம் கூலா வெச்சா?" என்றும் கேட்டார். பிறகு, நீதான் விலகிவிட்டாயே, அறிக்கையில் என் பெயரைப் போட்டுவிடலாம் என்றார். "ஒரே வீடுதானேப்பா, யார் பேரு போட்டா என்ன?" அவர் கண்ணெதிரிலேயே பேனாவை எடுத்து உன் பெயரை எழுதினேன். கொஞ்ச நேரம் அறை நன்றாகவே குளிர்ந்திருந்தது.

அப்புறம்தான் அவருக்குப் பயம் வந்தது. மருந்தை வாங்குகிறவர்கள் வந்து, பெரிய கலனிலும் இப்படியே வருமா என்று கேட்பார்கள். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பதில் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். "அவங்க ராஜினாமா வாபஸ்னு ஒரு வரி எழுதினா, நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பு கேட்க அவருக்கு இதற்கு மேல் வராது.

அங்கே கல்லூரியில் உனக்கு வேலை பேசியிருக்கிறார்கள் என்று மாமா எழுதினார். நல்ல இடம், மரியாதை தெரிந்த மனிதர்கள். சேராதே என்று சொல்ல மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் அறிக்கையில் உன் பெயர் மாறாது. அதற்காக வர வேண்டியதில்லை.

மாமா நன்றாக எழுந்து நடக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு. முடிந்தால் மாதக் கடைசிக்குள் அந்த ஒரு வரியை எழுதிவிடு. நீ இல்லாமலும் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்