கந்தியின் கிளை

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. ஊரில் கல்வெட்டு என்று சொல்வோமே, அந்த நினைவு மலரை முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அவசரப்பட்டு அச்சடிக்க வேண்டாம், அப்பா எழுதிய வம்சாவளியையும் முழுதாகச் சேர்த்து ஆண்டுத் திவசத்துக்கு வடிவாக அடிப்போம் என்று தம்பி சொன்னான். அட்டைக்கு உங்கள் படத்தையும் அவனே தெரிவு செய்தான். கோட்டும் சூட்டும் போட்டு, யாரோடோ வழக்குப் பேசப் போகிறவர் போல நிற்கிற படம்.

அந்த மலரை நான் நிறுத்திவிட்டேன், அப்பா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபிக்காமல் கேளுங்கள். இல்லை, கோபித்துக்கொண்டாவது கேளுங்கள்.

மற்றவர்கள் ஓய்வெடுத்ததும் பின்வளவில் கத்தரியும் மிளகாயும் நடுவார்கள். நீங்கள் பெற்றோல் நிலைய வேலையை விட்டதும் செத்தவர்களின் மரணசாசனங்களைப் படிக்கத் தொடங்கினீர்கள். கொழும்பில் இருக்கும் பெரியம்மாவின் மகன் பழைய பத்திரங்களைப் படம் பிடித்து அனுப்ப, நீங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக மேசையில் கிடப்பீர்கள். ஊரார் சாசனம் எல்லாம் படித்த மனிதர் தனக்கென்று ஒன்று எழுதாமலே போனீர்கள். வழக்கறிஞர் அதைக் கேட்டபோது எனக்கும் தம்பிக்கும் அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் நீங்கள் கண்டுபிடித்த வழி சரியான வழிதான். பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில் ஒருவர் எதை யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பார்த்தால், யார் யாருக்கு என்ன முறை என்று தெரிந்துவிடும். சாட்சியாகக் கையெழுத்து வைத்தவர்கள் பெரும்பாலும் மைத்துனர்மாராக இருப்பார்கள். சாசனத்தில் பெயர் வராத மூத்த மகள் செத்துப்போனவள் அல்ல, முன்பே சீதனம் வாங்கிக்கொண்டு போனவள். இதெல்லாம் தெரியாமல் எத்தனை பேர் தங்கள் பூட்டிமாரை உயிரோடு கொன்றிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே.

அப்படிப்பட்ட நீங்கள்தான் அப்பா, பிழை விட்டீர்கள்.

வெள்ளைக்காரன் வந்த ஆரம்பக் காலத்தில் நம்முடைய முன்னோர் ஒருவர் எழுதிவைத்த சாசனம் அது. நீதிமன்றத்துக்காக யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிரதிதான் உங்களிடம் வந்தது, அதுவும் முதற்பக்கம் மட்டும். இளைய மகள் வள்ளியம்மைக்கு இலந்தையடி வளவு, ஒரு அட்டியல், காதுத் தோடு. அதற்குக் கீழே கந்தி, கந்தியின் பிள்ளைகள் வேலன், சின்னன். அத்தோடு பக்கம் முடிந்துவிட்டது. பெண்ணுக்குக் கீழே இன்னொரு பெண்ணும் பிள்ளைகளும் வந்தால் வேறு யாராக இருக்கும்? கந்தி வள்ளியம்மையின் மகள், மற்ற இருவரும் பேரப்பிள்ளைகள் என்று வம்சாவளியில் எழுதினீர்கள். வள்ளியம்மையின் மகன் வழியில் நாங்கள், மகள் வழியில் கந்தியின் கிளை. அந்தக் கிளை அதற்குமேல் எந்தப் பத்திரத்திலும் வராதது உங்களுக்குப் பெரிய தலையிடி. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தீர்கள்.

"மலாயாவுக்குப் போயிருப்பினம்," என்றீர்கள். காணாமல் போன யாழ்ப்பாணத்தவர் எல்லோரையும் மலாயாவுக்குக் கப்பலேற்றிவிடுவது உங்கள் வழக்கம்.

வம்சாவளியை உங்கள் கையாலேயே பெரிய தாளில் எழுதிச் சட்டம் போட்டீர்கள். சுவரில் துளை போட்டு அதை மாட்டித் தந்தது யார் என்று நினைவிருக்கிறதா? ராசன் அண்ணை. இந்தக் கடிதம் வெளியாகும்போது வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. சுவிஸில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் குடியிருந்துகொண்டு குழாய் வேலையும் பொயிலர் வேலையும் செய்கிறவர். எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊர் என்றாலும் எங்கள் தெரு அல்ல. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, வாசிக்கிற நம்மவர்களுக்கு விளங்கும்.

அவரில் உங்களுக்கு நல்ல விருப்பம். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவருடைய வான் வண்டிதான். ஆனால் அவர் வீட்டில் எதை வைத்தாலும், "சலரோகம் தம்பி, இந்தச் சீனி வருத்தத்தோடை வாய் வைக்கேலாது," என்பீர்கள். அதே நீங்கள் அடுத்த நாள் வேறு வீட்டில் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்குவீர்கள். உங்கள் சலரோகத்துக்கு ஆட்களைத் தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராசன் அண்ணைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர்தான் உங்கள் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்.

அவரும் ஒருநாள் உங்களிடம் கேட்டாரே, "ஐயா, என்ர ஆக்களையும் ஒருக்காத் தேடித் தாறியளோ? என்ர மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என்ர தகப்பன் அப்புவுக்கு முன்னம் ஆர் எண்டு."

நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். சில மாதம் கழித்துச் சொன்ன பதிலும் எனக்கு நினைவிருக்கிறது. "உங்கட ஆக்களிட்டைக் காணி பூமி இருக்கேல்லைத்தானே தம்பி. அதாலை பத்திரங்களிலை வரமாட்டினம்." அதை நீங்கள் சொன்னது சுவரில் தொங்கிய அந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்துகொண்டு.

நீங்கள் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு பெரியம்மாவின் மகன் மிச்சப் பக்கங்களை அனுப்பினான். முன்பு வேறு பத்திரக் கட்டுக்குள் கலந்து கிடந்தனவாம். மலருக்கு உதவும் என்று ஆசையோடு திறந்தேன். இரண்டாம் பக்கத்தின் முதல் வரி முதற்பக்கத்தின் கடைசி வரியோடு ஒட்டிக்கொண்டது. இவர்கள் மூவரும் வள்ளியம்மைக்கும் அவள் சந்ததிக்கும் அடிமைகளாக இருந்து ஊழியம் செய்ய வேண்டும். அதற்கடுத்த வரியில் கறவைப் பசுக்கள்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று தேடினேன். நம்மூரில் அடிமைகள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாததல்ல, அப்பா. ஆனால் அட்டியலுக்கும் பசுமாட்டுக்கும் நடுவில் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் நம்முடைய ஆள் எழுதிவைத்திருப்பதைப் பார்ப்பது வேறு. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டேன். லண்டனின் மறுபக்கத்தில், லூயிஷாமிலிருந்து அன்றைக்கே வந்தான். படித்துவிட்டு நேராகச் சுவரைப் பார்த்தான்.

"அக்கா, இதிலை யோசிக்க என்ன இருக்கு? அவை எங்கட ஆக்களில்லை. அந்தக் கிளையை எடுத்துவிட்டால் வம்சாவளி சரி. திவசத்துக்கு வாற சனத்துக்கு முன்னாலை அப்பாவின்ர பேரைக் கெடுக்கப் போறியளோ?"

"அப்ப அவை ஆர்? எங்கை போறது?"

"எனக்கென்ன தெரியும்! அப்பா தெரியாமல் எழுதினவர். பிழையைத் திருத்துறது குற்றமோ?"

பிழையைத் திருத்துவது குற்றமில்லைத்தான். பிள்ளைகளாக அவர்களை விட்டுவைத்தால் அது பொய். எடுத்துவிட்டால் அந்த மூன்று பேரும் உலகத்தில் இருந்ததற்கு நமக்குத் தெரிந்த ஒரே அடையாளத்தையும் நாமே துடைக்கிறோம். எது சரி என்று கேட்க நீங்கள் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருந்தால் பேனையை எடுத்து வெட்டியிருப்பார். நல்ல காலம், தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டார்." சொல்லிவிட்டு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவர். நான் அவரோடு வாதாடவில்லை.

நான் எனக்குள் ஒரு தீர்வு கண்டேன். பெயர்களை மலரில் போடுவது, ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுவது. சாசனத்தில் சொத்தாக எழுதிக் கொடுக்கப்பட்ட அடிமைகள் என்று வெளிப்படையாகவே எழுதி, மன்னிப்பும் கேட்பது. எழுதி முடித்தபோது மனம் இலேசாக இருந்தது. என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ராசன் அண்ணை வீட்டுக்குப் போனேன். இலந்தையடி வளவு என்ற பெயரை அவர் வாயால் எப்போதோ கேட்ட ஞாபகம் இருந்தது.

அவர் வேலை உடுப்போடு இருந்தார். பத்திரத்தின் பிரதியைக் கொடுத்தேன். ஆங்கிலத்தை மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள், ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு இருந்தாள். கந்தி என்ற பெயர் வந்ததும் ராசன் அண்ணை கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"என்ர அப்புவின்ர தாய்க்கும் கந்தி எண்டுதான் பேர். அப்பு பிறந்தது இலந்தையடியிலை. வளவுக்காரர் காணியை விட்டு எழும்பச் சொன்னாப் பிறகுதான் நாங்கள் குளத்தடிக்கு வந்தது."

ஒரே பெயர் தலைமுறை தாண்டித் திரும்ப வருவது நம்மிடம் வழக்கம்தானே. அதை வைத்து மட்டும் உறவு நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றேன். "ஓம், விளங்குது," என்றார். ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு, "அந்தச் சட்டத்தைச் சுவரிலை கொழுவேக்கை வாசிச்சனான், தங்கச்சி. எங்கட பேர் மாதிரிக் கிடக்கே எண்டு நினைச்சனான். கேக்கேல்லை," என்றார்.

நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன், அப்பா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ராசன் அண்ணையின் முகம் இறுகிவிட்டது.

"உங்கட அப்பரின்ர மலரிலை எங்கட ஆச்சியை அடிமை எண்டு போடப் போறியளோ?"

"மறைக்கக் கூடாது எண்டுதான் அண்ணை..."

"மறைக்கச் சொல்லி நான் சொல்லேல்லை. உங்களுக்கு அது எழுதினால் மனப்பாரம் குறையும். நீங்கள் நல்ல பிள்ளை எண்டு சனம் சொல்லும். நாளைக்கு என்ர பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேசினால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவாங்கள். எழுதாட்டில் எங்கட ஆக்கள் திரும்பவும் இல்லாமல் போயிடுவினம். ரண்டும் எங்கட தலையிலைதான் விடியுது."

"எழுதவேணும் அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "எனக்கு வெக்கமில்லை. வெக்கப்பட வேண்டியது நாங்களில்லை."

"நீ பேசாமல் இரு." அதட்டலாகச் சொன்னாலும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எழுதினது எல்லாம் உங்கட ஆக்கள். இப்பவும் நீங்களே எழுதிக்கொண்டு வந்து காட்டுறியள். இது எங்கட பேர், தங்கச்சி. நாங்கள் எங்களுக்குள்ளை கதைச்சுச் சொல்லுறம். அதுவரைக்கும் மலரை அடிக்காதேங்கோ."

திவசத்துக்கு முன்னம் சொல்வீர்களா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். யாருடைய அவசரத்துக்கு அவர்களை அவசரப்படுத்துவது? பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் அங்கேயே வைத்துவிட்டு, பேருந்தில் அழுதுகொண்டு வந்தேன். அவருக்காக அழுதேனா, உங்களுக்காகவா, நான் எழுதிக்கொண்டு போன அந்த அழகான மன்னிப்புக்காகவா என்று இன்னும் தெரியவில்லை.

தம்பி என்னோடு கதைப்பதில்லை. அப்பாவின் மலருக்கு வெளியாளிடம் அனுமதி கேட்கிறாள் என்று ரொறன்ரோ வரைக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். சித்தப்பா என்னை ஏசினார். கேட்டுக்கொண்டேன். உங்களில் எனக்குள்ள பாசம் குறைந்துவிட்டதா என்றும் கேட்டார். குறையவில்லை, அப்பா. குறைந்திருந்தால் இவ்வளவு நோகாது.

ஆகவே இந்த முறை மலர் இல்லாமல்தான் உங்கள் திவசம் நடக்கும். சாப்பாடு இருக்கும், ஐயர் வருவார், கையில் கொடுக்க மட்டும் எதுவும் இருக்காது. ஏன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியவர்களைக் கேட்டிருக்கிறோம், பதில் வரும் வரை பொறுத்திருக்கிறோம் என்று அத்தனை பேருக்கும் முன்னால் எழுந்து சொல்வேன். அவர்கள் போடச் சொன்னால் அவர்கள் சொல்கிற சொல்லில் போடுவேன். வேண்டாம் என்றால் உங்கள் வம்சாவளி அச்சேறாது. உங்கள் இத்தனை வருட உழைப்பு மேசை லாச்சிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நீங்கள் விரும்புகிற வாக்கு இல்லை என்று தெரிந்தேதான் தருகிறேன்.

இந்தக் கடிதத்தை வெளியிடக் கொடுக்கும் முன் ராசன் அண்ணையிடமும் மகளிடமும் முழுவதும் வாசித்துக் காட்டினேன். "பேரை மாத்திப்போட்டு விடுங்கோ," என்றார். மாற்றிவிட்டேன். அவர் ராசன் அல்ல, வளவு இலந்தையடி அல்ல. அந்தத் தாயின் பெயரும் கந்தி அல்ல. அவளுடைய சரியான பெயர் உங்களுக்குத் தெரியும், அப்பா. உங்கள் வடிவான எழுத்தில், நம் வீட்டுப் பிள்ளையைப் போல அவளை எழுதியவர் நீங்கள்தானே. அந்தப் பெயரை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று மனோர் பார்க்கில் ஒரு வீட்டில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வள்ளியம்மையின் வழியில் வந்த,
உங்கள் மூத்த மகள்