பின் சீட்டின் உயரம்

ஜூன் 5, வியாழன்

இன்றும் ரயிலில் உட்கார இடம் இல்லை. கதவோரம் நின்றபடியே புது மாடலின் ரிவ்யூவை மறுபடி பார்த்தேன். எல்வின் எட்டிப் பார்த்தான். "மச்சா, அந்த வண்டிய செஞ்சவன்கூட இத்தினி தடவ பாத்திருக்க மாட்டான்டா." பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். லிக்விட் கூலிங்! ஆறு கியர்! டிஸ்ப்ளேயிலேயே மேப்! முன்னால் உயரமான விண்ட்ஷீல்ட் — நூறில் போனாலும் நெஞ்சில் காற்றே அடிக்காதாம்.

என்னிடம் இருப்பதும் அட்வென்ச்சர் பைக்தான், ஏடிவி என்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், பனிமலை ஏறுகிற வண்டி என்று. அது ஏறிய ஒரே மலை எங்கள் ஊர் தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேடு; அதையும் வீடியோ எடுத்துப் போட்டேன். மற்றபடி டாடியை ஏற்றிக்கொண்டு கோலார் ஆஸ்பத்திரி, அங்கிருந்து திரும்ப கோரமண்டல். வாரம் முழுக்க பெங்களூர் ரயில், குடோன் வேலை, பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது. இருபத்து நாலு வயதில் என் வாழ்க்கையில் நடந்தது இவ்வளவுதான். ஒன்றாவது மாற வேண்டாமா?

ஜூன் 8, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் டாடியிடம் சொன்னேன். பழசைக் கொடுத்துவிட்டு புதுசு எடுக்கப் போகிறேன், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கிறது என்று.

"எக்ஸ்சேஞ்சா? அப்டியே என்னியும் சேத்து குடுத்துட்டு வா. பழைய எஞ்சின், பொக தள்ளுதுன்னு சொல்லு."

மம்மி உள்ளிருந்து கத்தினாள்: "கர்த்தருடைய நாள்ல வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

டாடி சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சுரங்கத்தில் குடித்த தூசி. மைன்ஸ் மூடிய வருடம்தான் நான் பிறந்தேன். மூடி இவ்வளவு காலம் ஆகியும் அது அவரை விடவில்லை.

பஸ் ஆகாது அவருக்கு. ஆட்டோவும் ஆகாது, பெட்டியில் போட்டு மூடின மாதிரி இருக்கிறதாம். பைக் மட்டும்தான். "வண்டி ஓடசொல்ல நா மூச்சு இழுக்கவே வேணாம்டா, அதுவா உள்ள வருது" என்பார். கோலார் போய் வருகிற அன்று மட்டும் அவர் முகம் தெளிவாக இருக்கும்.

புதுசு வந்தால் இன்னும் ஸ்மூத்தாகப் போகலாம். சஸ்பென்ஷன் டிராவல் அப்படி!

ஜூன் 14, சனி

இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. டாடியை ஓ.பி. வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஷோரூமுக்கு ஓடினேன். "நானும் வரட்டா, வண்டியப் பாக்கலாம்" என்று கேட்டார். வேண்டாம் டாடி, டெலிவரி அன்னிக்கு சர்ப்ரைஸ் என்றேன்.

பழைய வண்டியைச் சோதித்தவர் பெயர் மனோகர். கீழே படுத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். "வீடியோல மண்மேட்டு மேல பறந்தது நீங்கதானே பிரதர்? நானும் லைக் போட்டேன்." லைக் போட்டுவிட்டு அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்தார்! அப்புறம் பின்பக்க ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்துப் பார்த்தார். "முன்னாடி ரப்பர் நல்லா கீது. பின்னாடி மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சிட்டிருக்கே. யார் உக்கார்றாங்க?"

"எங்க டாடி."

எழுதிக்கொண்டார்.

டெஸ்ட் ரைட் — கடவுளே. த்ராட்டிலைத் தொட்டதும் வண்டி என்னைப் பின்னால் தள்ளியது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். சேல்ஸ் பையன் "பின்னாடி யாரையாச்சும் ஏத்திக்கினு ஒரு ரவுண்டு போறீங்களா?" என்றான். "இல்ல ப்ரோ, நான் சோலோ ரைடர்" என்றேன். சொன்னபோது என்ன ஒரு கெத்து!

திரும்பி ஓடி வந்தால் டாடியின் நம்பர் தாண்டிப் போயிருந்தது. மறுபடி கடைசியில் போய் உட்கார்ந்தோம். அவர் "கலர் இன்னா கலர்டா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

லோன் ஓகே!!!

ஜூன் 21, சனி

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு புதுசில் வந்தேன். காலையில் டாடி தன் பழைய பனியனால் அதைத் துடைத்து வைத்திருந்தார். கொடுக்கப் போகிற வண்டியை எதற்குத் துடைக்க வேண்டும்? கடைசி போட்டோவை பைக் ரைடர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லாரும் ஹார்ட். "வெல்கம் டு த ரியல் ஏடிவி" என்று அட்மினே எழுதினார்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். புது வண்டி வந்தால் எங்கள் மைன்ஸ் குவார்ட்டர்ஸ் லைனில் எல்லாரும் ஜெபம் வைப்பார்கள். லைனே வந்துவிட்டது. மம்மி கேக் வெட்டி வைத்திருந்தாள். பாஸ்டர் ஹேண்டில் மேல் கை வைத்து நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்னதும், "மொதல் சவாரி அப்பாவ ஏத்திக்கினு போ ஆஸ்டின், அதான் ஆசீர்வாதம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

டாடி வெள்ளைச் சட்டையில் வந்தார். நான் வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். என் தோளைப் பிடித்து, ஃபுட்ரெஸ்ட்டில் இடது காலை வைத்து, வலது காலைத் தூக்கினார். சீட்டில் முழங்கால் இடித்தது. இறங்கினார். மறுபடி தூக்கினார். தோளில் அவர் விரல் அழுந்துகிற அழுத்தத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை கால் எழும்பவே இல்லை. இருமல் பிடித்துக்கொண்டது. கை தட்டினவர்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

எல்வின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தான். "இதுல ஏறி உக்காருங்க அங்கிள்."

டாடி அந்த நாற்காலியைப் பார்த்தார். அதை இழுத்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார். "நாளிக்கி ஏர்றேன். இன்னிக்கி நீ சுத்திட்டு வாடா. ஜனங்க பாக்கட்டும்."

நான் தனியாகச் சுத்திவிட்டு வந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜூன் 23, திங்கள்

மம்மியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். பழைய வண்டியின் அளவு என் இடுப்பில் ஞாபகம் இருக்கிறது. புதுசில் பின் சீட் நாலு விரல் கூட. ஸ்பெக்ஸ் ஷீட்டில் முன் சீட் உயரம் மட்டும்தான் போட்டிருக்கிறான். இத்தனை ரிவ்யூ பார்த்தேன், டார்க் எவ்ளோ, டேங்க் எவ்ளோ, எல்லாம் மனப்பாடம் — பின் சீட்ட பத்தி ஒருத்தனும் பேசல. நானும் கேக்கல. கேக்கவே தோணல. சோலோ ரைடராம், சோலோ. மூஞ்சப் பாரு.

ஜூன் 28, சனி

"மழ வர்ற மாரி கீது" என்று டாடி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வெயில் கொளுத்தியது.

ஜூலை 3, வியாழன்

மனோகருக்கு போன் செய்தேன். பழைய வண்டி போய்விட்டதாம். சித்தூர் பக்கம் யாரோ. "புதுசுல ஏதாச்சும் பிரச்சனையா பிரதர்?"

வண்டியில் ஒரு பிரச்சனையும் இல்லை என்றேன்.

ஜூலை 12, சனி

பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஜன்னல் சீட்டே கிடைத்தது. ஆனாலும் பங்காரப்பேட்டை வருவதற்குள் உதடு நிறம் மாறிவிட்டது. "எறக்கி உட்றா, எறக்கி உட்றா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்துவிட்டோம். இரண்டாவது தடவையும் ஆஸ்பத்திரி போகவில்லை.

வீட்டில் வண்டி வாசலில் நின்றது. ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்காமல் உள்ளே போனோம், இரண்டு பேரும்.

ஜூலை 15, செவ்வாய்

குரூப்பில் கேட்டேன்: பின் சீட்டை இறக்க வழி இருக்கிறதா, அப்பாவால் ஏற முடியவில்லை என்று.

ஒருத்தன்: "ப்ரோ இது ஏடிவி. அப்பாவுக்கு ஸ்கூட்டி வாங்கிக் குடு." இன்னொருத்தன்: "ஏணி ஃபிட்டிங் பண்ணு." சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு. அட்மினும் ஒரு சிரிப்பு.

இவனுங்களதான் நான் ஃப்ரெண்ட்ஸுனு நெனச்சிக்கினு இருந்தேன். ஒருத்தன் மூஞ்சியும் நேர்ல பாத்ததில்ல.

குரூப்பை விட்டு வெளியே வந்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

வெளிநாட்டு வீடியோ ஒன்றில் வழி கிடைத்தது. பின் சஸ்பென்ஷனில் லிங்க் என்கிற இரும்புத் துண்டை மாற்றினால் வண்டியின் பின்பக்கம் முழுக்க இறங்கும். ஆன்லைனில் வரவழைத்து, ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் துரை அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"வாரண்டி பூடும், தெரியும்ல?"

"தெரியும்ணா."

"குதிர மாரி நிக்கிற வண்டிய கழுத மாரி ஆக்க சொல்றியே, மனசு வருதா உனக்கு?"

ஆக்குங்கண்ணா என்றேன். சீட் ஃபோமையும் அறுத்துக் குறைத்தார். நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பு என்றால் இதை வீடியோ எடுத்திருப்பேன்.

ஜூலை 26, சனி

ஏறிவிட்டார்!

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப விடியும் முன்பே, லைனில் யாரும் எழுவதற்குள், அவரே நாற்காலியை எடுத்து வந்து போட்டுக்கொண்டார். தோளைப் பிடித்தார். ஏறிவிட்டார். "போ" என்றார். எனக்குக் கண் கலங்கி ரோடே தெரியவில்லை.

ஆனால் கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டினதும் முதுகில் தட்டினார். நிறுத்தினேன்.

"இன்னா டாடி?"

"காத்தே வர்லடா."

எனக்குப் புரியவில்லை. நாற்பதில்தான் போனேன். அப்புறம் முன்னால் இருந்த அந்த உயரமான விண்ட்ஷீல்டைப் பார்த்தேன். காற்றே அடிக்காது என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது.

வேகமாகப் போகட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ரயில்வே கேட் பக்கம் இறங்கி, குனிந்து முழங்காலில் கை வைத்து மூச்சுக்காக நின்றார். மூச்சு வந்ததும் கேட்டோரக் கல்லில் கால் வைத்து மறுபடி ஏறிக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம். கறி வாங்கினு போலாமா, உங்க மம்மி கொழம்பு வெக்கட்டும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கடை திறந்திருக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

விண்ட்ஷீல்டைக் கழற்றிவிட்டேன். நாலே ஸ்க்ரூ.

ஆகஸ்ட் 2, சனி

வாங்க டாடி, இப்போ காத்து வரும், சும்மா பேத்தமங்கலம் ஏரி வரைக்கும் போய் வரலாம் என்றேன். கட்டிலில் இருந்து எழுந்தார். வாசல்படி வரை வந்தார். வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நல்லா கீதுடா, இப்ப. எறக்கனது தெரியவே இல்ல" என்று நின்ற இடத்தில் இருந்தே சொன்னார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆம்புலன்ஸ். மம்மி உள்ளே ஏறினாள். நான் பின்னால் பைக்கில். கோலார் வரை ஆம்புலன்ஸை விடாமல் பிடித்தேன். இந்த வண்டியின் உண்மையான வேகத்தை இன்றுதான் பார்த்தேன். நல்ல வண்டிதான். ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டு. லீவு இல்லையாம். சூப்பர்வைசர் போன் மேல் போன். கட் செய்தேன்.

டாக்டரம்மா கேட்டார்: "மூணு தடவை ஏன் வரல? கரெக்டா வந்திட்டிருந்தாரே."

மம்மி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் —

டாடி மாஸ்க்கை விலக்கிவிட்டு அவரே பதில் சொன்னார். "சோம்பேறித்தனம் மேடம். கவர்மெண்டு ஆஸ்பத்திரில ஊசி போட்ற சிஸ்டருக்கு கை ரொம்ப பலம்." சிஸ்டர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

டிஸ்சார்ஜ். வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும். நேரம் பார்த்து இல்லை, எப்போதும். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி அவரை அலைய விடாதீங்க. மருந்துக்கு நீங்க மட்டும் வந்தா போதும்" என்றார். தேறுவாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல இருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்வின் வந்தான். டாடியிடம் கிரிக்கெட் பேசினான். போகும்போது வாசலில் நின்று, "வித்துடேன்டா, மச்சா. லோனாச்சும் கொறையும்" என்றான்.

இறக்கின வண்டியை, ஷீல்டு இல்லாத வண்டியை, அறுத்த சீட்டை, யார் வாங்குவார்கள்? அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்றான்.

செப்டம்பர் 6, சனி

டாடியின் காலி ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பங்காரப்பேட்டை போனேன். சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கிற ஜோஸ் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "பசங்க பெரிய பெரிய வண்டில வர்றானுங்கப்பா, ஏத்தசொல்ல எங்க இடுப்பு உட்டுப்போவுது. உன்து கரெக்ட் ஹைட்டு." ஒரே தூக்கில் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டார். நான் நாலு பக்கமும் கட்டினேன். லடாக் போகிறவர்கள் பை கட்ட வாங்குகிற ஸ்ட்ராப். டெலிவரி அன்று ஃப்ரீயாகக் கொடுத்தது.

மெதுவாகத்தான் வந்தேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஒரு கையைப் பின்னால் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, பின்னால் டாடி இறங்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மம்மி வந்து ஸ்ட்ராப்பை அவிழ்க்கும் வரை.