ஒக்லஹோமாவில் ஒரு வாக்கு

5 நவம்பர் 2024, செவ்வாய்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு முடிந்த கையோடு ஒக்லஹோமா மாநிலம் குடியரசுக் கட்சிக்கு என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்கள். அங்கே எப்போதும் அப்படித்தான். நான் அறியக் காத்திருந்தது அதுவல்ல.

என் தங்கை வாசுகி அங்கேதான் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் அவள் போடும் முதல் வாக்கு இது. அவள் கணவர் சிவா அந்தக் கட்சியின் ஆள். வீட்டுக்கு ஒரு கட்சிதான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் நான் அழைத்தபோது, "சண்டை வேண்டாம் அக்கா, அவர் சொல்றதுக்கே போட்டிட்டு வாறன்" என்றாள். அந்தக் கவலையில் இங்கே மார்க்கம் ரோட் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தையே தவறவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே அழைத்தாள்.

"அக்கா, இவர் வெண்டிட்டமெண்டு துள்ளிக்கொண்டு நிண்டார். நான் மற்றப் பக்கம் போட்டு உங்கட வோட்டை வெட்டிப்போட்டன் எண்டு முகத்துக்கு நேர சொல்லிட்டன்."

"என்னவாம்?"

"அப்ப ரெண்டு பேரும் வீட்டிலயே இருந்திருக்கலாமாம். பெற்றோலாவது மிஞ்சியிருக்குமாம்."

அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்!

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் தொலைக்காட்சியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "உம்மட தங்கச்சி போட்ட கட்சிக்கு அங்க படுதோல்வி. ஏனப்பா சிரிக்கிறீர்?"

"மாநிலம் போனால் போகட்டும்" என்றேன். "அவளின்ர வீட்டில ஒண்டுக்கு ஒண்டு."