படிக்காமல் தப்பிக்க ஒரு படம்

மார்ச் 3, திங்கள்

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இன்றும் ஒரு வரிகூட நகரவில்லை. ஆனால் சீட்டு எழுதி ஒட்டியாயிற்று.

விடுதிச் சாப்பாட்டுக்கூட வாசலில் ஒரு பலகை. அதில் வாரத்துக்கு ஒரு படம் சொல்லி நான் சீட்டு ஒட்டுவது இது இரண்டாம் ஆண்டு. தலைப்பு எப்போதும் 'படிக்காமல் தப்பிக்க ஒரு படம்'. ஊர் உலகமே பார்த்த படத்தை நான் சொல்ல மாட்டேன். யாரும் கேள்விப்படாததாகத் தேடிப் பிடித்து, இயக்குநர் யார், ஒளிப்பதிவில் என்ன விசேஷம் என்று ஒரு பக்கம் எழுதுவேன். பார்த்தவர்கள் அடியில் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும், முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது. நான் போட்ட சட்டம்தான். முதல் கையெழுத்து எப்போதும் என் அறைத்தோழியுடையது.

இன்று என் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு! எதிர் அறைக்கு மாறி வந்திருக்கும் முதலாண்டுப் பெண் ஒட்டியது. தலை கொள்ளாத சுருள்முடி, அதனால் எல்லோருக்கும் அவள் சுருட்டை. எழுதியிருப்பது இவ்வளவுதான்: "பல்வலியோடு லாரி ஓட்டுகிறவர். எழுபது நிமிடம். முடிந்ததும் நல்ல பிள்ளையாகப் படிக்கப் போய்விடலாம்."

இதெல்லாம் ஒரு பரிந்துரையா? மருந்துக் கடையில் கொடுக்க வேண்டிய சீட்டு.

மார்ச் 6, வியாழன்

அவள் சீட்டில் கையெழுத்துக்கு இடமில்லாமல் ஓரத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். என்னுடையதில் நான்கு. நான் ஒன்றும் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

மார்ச் 8, சனி

பொது அறையில் அறைத்தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். லாரிக்காரர் படம். பக்கத்தில் சுருட்டை.

என் படங்களை மட்டும் அவள் தனியாகத்தான் பார்ப்பாள். "நீ பக்கத்துல இருந்தா படத்த விட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துட்டிருப்ப" என்பாள். சரி என்று விட்டிருந்தேன். சுருட்டை பக்கத்தில் இருந்தால் மட்டும் பரவாயில்லையா?

அறைக்கு வந்து, "செம படம்டி, நீயும் பாரேன்" என்றாள்.

"பாத்தாச்சு. சுமார்" என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

சாப்பிடும்போது சுருட்டை எதிரே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்தத் தபால்காரம்மா படத்துல கடைசியில கதவு ஏன் தொறந்தே கெடக்கு?" நான் போன வருடம் சொன்ன படம். என்னை ஆழம் பார்க்கிறாள்! "நீயே யோசி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். பசி அடங்கவே இல்லை.

மார்ச் 15, சனி

ஒத்துக்கொள்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஆனால் ஒரு முதலாண்டுப் பிள்ளைக்கு நான் போன வருடம் சொன்ன படமெல்லாம் எப்படித் தெரியும்? பாதி பார்க்காமலே அளக்கிறாள். நிச்சயம் அதுதான். கையும் களவுமாகப் பிடித்தால் அறைத்தோழிக்கும் புத்தி வரும்.

பிடிக்க வழி இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஒட்டிவிட்டேன். 'உப்பு மேட்டு எடைக்காரி'. ஆள் நடமாட்டமில்லாத தீவில் ஒரு பெண் தினமும் உப்பை எடை போடுகிறாள். வாங்க யாரும் வருவதில்லை. இயக்குநருக்கு ஒரு பெயர், அவருக்கு ஒரு விருது, நீலமும் வெள்ளையும் மட்டுமான ஒளிப்பதிவு. அத்தனையும் கப்சா. அப்படி ஒரு படமே கிடையாது. மூன்றாம் அத்தியாயத்துக்கு வராத சொல்லெல்லாம் இதற்கு மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ!

சுருட்டை கையெழுத்துப் போடட்டும். அப்புறம் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

நின்று இரண்டு தடவை படித்தாள். பென்சிலைத் தொடவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஆறு கையெழுத்து. சுருட்டையுடையது இல்லை. முதல் கையெழுத்து - வழக்கம்போல.

"எப்படி இருந்துச்சு?" என்று அறைத்தோழியிடம் கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு.

"கேமரா பிரமாதம்டி. கொஞ்சம் மெதுவாப் போச்சு, அவ்ளோதான்."

"அந்த எடைக்காரி கடைசியில என்ன ஆனா?"

"முடிவச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

அடிப்பாவி. ரெண்டு வருஷமாவா? ரெண்டு வருஷமா இதே கதைதானா? யாருக்கோ வெட்டின குழியில் நான் போய் விழுந்து கிடக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

மாலை சுருட்டை வந்து கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, எடைக்காரி படம் தேடாத எடமில்ல. எங்கயுமே கெடைக்கல. உங்க பழைய சீட்டெல்லாம் அந்தப் பலகையிலயே ஒண்ணுக்கு அடியில ஒண்ணா இருக்குல்ல, அதுல பாதிக்கு மேல பாத்துட்டேன். இத மட்டும் விட மனசு வரல. திங்கக்கிழம பரீட்ச வேற."

"பாத்தவ ஏன் ஒண்ணுலயும் கையெழுத்துப் போடல?"

"பழைய சீட்டுல எடமே இல்லயேக்கா. எல்லாரும் போட்டு வச்சிருக்காங்க."

உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு படம் இல்லை, அவளை மாட்டிவிடத்தான் எழுதினேன் என்று. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "மூணு நாள் படிக்காமத் தேடினேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் படங்களை மெய்யாகவே பார்த்த ஒரே ஆள்.

மார்ச் 23, ஞாயிறு

அறைத்தோழியிடம் கேட்டேவிட்டேன். நான் சொன்னதில் எதையாவது பார்த்திருக்கிறாயா?

"ஒண்ணு பாத்தேன். பாதியில தூங்கிட்டேன்."

"அப்புறம் எதுக்குடி கையெழுத்து?"

"போடலேன்னா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. ஒரே அறையில அத யாரு பாத்துட்டிருக்கறது?"

திட்ட வாயெடுத்தேன். 'பாத்தாச்சு, சுமார்' என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து தொலைத்தது. ஆனாலும் விடவில்லை. "அவகூட மட்டும் அப்படிச் சிரிச்சியே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அவ என்கிட்ட கேட்டா. எந்த மாதிரி படம் புடிக்கும்னு கேட்டா. நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை. சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

இந்த வாரமும் சீட்டு ஒட்டவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது வேறு வலிக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

லாரிக்காரர் படம் பார்த்தேன், தனியாக. நன்றாகத்தான் இருக்கிறது, சனியன். ஓரத்தில் இடுக்கி ஒரு கையெழுத்துப் போட்டேன். பிறகு எதிர் அறைக் கதவைத் தட்டி, படத்தைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

"சுமாரா?" என்றாள். அறைத்தோழி சொல்லியிருக்கிறாள்!

"இல்ல" என்றேன். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பாஸாயிருவேன்" என்றாள், சிரிக்காமல். செய்தது தப்பு என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். சரி என்றா, தப்புதான் என்றா, தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

காலையில் அறைத்தோழியிடம், "உனக்கு என்ன படம் பாக்கணும்?" என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அடிதடி. ஒரே அடியில நாலு பேராவது பறக்கணும்" என்றாள்.

பொது அறையில் போட்டோம். நாலு பேர் என்ன, ஊரே பறந்தது. கதை என்று ஒரு மண்ணும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாதியில் சுருட்டை வந்தாள். என் பக்கம் இடம் இருந்தும் அறைத்தோழி பக்கம் போய் நின்றாள். வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. நகர்ந்து இடம் விட்டேன்.