கதிரையில் வைத்த படம்

2021 ஆனி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று மகளுக்கு ஏழு வயது. கொரோனாப் பயணத்தடை என்பதால் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பேக்கரியும் பூட்டு. இட்லிச் சட்டியில் நானே ஒரு கேக் அவித்தேன்.

அதைக் குசினியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தால், சுவரில் இருந்த என் தம்பியின் படத்தை இறக்கி மேசையடிக் கதிரையில் வைத்து, அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். பாய்ந்துபோய் அணைத்தேன். அவள் கையிலும் ஓர் அடி போட்டேன்.

செத்தவர்களின் படத்துக்குத்தான் விளக்கேற்றுவது. தம்பி கடைசி யுத்தத்தில் காணாமற்போனவன். பன்னிரண்டு வருடமாக அந்தப் படத்துக்கு ஒரு பூக்கூட வைக்க நான் ஒருவரையும் விட்டதில்லை.

"ஒருத்தரும் வரேல்லை எண்டுதானே அம்மா, மாமாவைக் கூப்பிட்டனான்," என்று அழுதாள். "அது கேக்குக்குக் கொளுத்தினது."

பிறந்தநாளும் அதுவுமாகப் பிள்ளையை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று அவளுக்குச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

பிறகு அவளே கேக்கை வெட்டினாள். முதல் துண்டை ஒரு பீங்கானில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது மாமாக்கு. வரேக்கை குடுங்கோ."

அவள் நித்திரை. நான் அந்தப் பீங்கானை எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டத்தில் வைத்து மூடியிருக்கிறேன்.