பிரேக் சாமான் வரவில்லை

குத்துக்கல்வலசை,
ஆவணி எட்டாம் தேதி, ஞாயிறு.

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நெதர்லாந்து ஐந்தோவனில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க இலஞ்சிக் குமாரர் துணை நிற்கட்டும். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் புண்ணும் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது, உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான். மனசு சுகமில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று கவரைப் பார்த்ததும் பதறாதே. போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுந்து, அம்மா அம்மா என்று கெஞ்சி, என்னைச் சிரிக்கவைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அந்தச் சாமர்த்தியம் உனக்கு உண்டு. காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒரு வாரமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் தையல் வேலை நிறைய இருக்கிறது என்று வைத்துவிட்டேனே, அது பொய். எனக்கும் பொய் சொல்ல வரும் என்று உனக்குத் தெரியட்டும்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் மறந்துபோகும். ஆனியில் பிடித்த சாரல் இன்னும் விட்டபாடில்லை, துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, குனிந்து குனிந்து நடக்கிறோம். அப்பா மழையைச் சாக்கு வைத்துக் காலை நடையை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுச் சைதூன் பீவி மகன் யஹ்யா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான், உன்னை விசாரித்தான். கடையத்துச் சித்தி மகள் சத்யபிரியாவுக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். அவளுடைய ஐந்து ஜாக்கெட்டும் நான்தான் தைப்பதாக ஆனியிலேயே துணி வாங்கி வைத்திருந்தேன். ஆடியில் அதைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன், என் கையால் இனி முடியாது என்று. எதற்காகத் திருப்பினேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார். சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, நெல்லையப்பன் அண்ணாச்சி கடையில் காட்டினேன், இருக்கிற கம்பி பிரேக்குக்கே புது ரப்பர் கட்டை போடலாம், இல்லையென்றால் கம்பியை எல்லாம் கழற்றிவிட்டு வயர் பிரேக்காக மாற்றலாம், அதற்கு ரிம் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும், ஆனால் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்குவதைப்போலப் புது ரிம்மில் வழுக்காது என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எனக்கு முடிவெடுக்கத் தெரியாமல் கேட்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கத்தில் உனக்குக் கொடுத்த சைக்கிள் அது, பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் ஓட்டினாலும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கைவைப்பதுதான் முறை என்று கேட்டேன். நீ உடனே, புதுசாவே போடும்மா, அவசரப்படாத, நல்ல சாமானா வரட்டும், அண்ணாச்சிட்ட நான் சொன்னேன்னு சொல்லு என்றாய். என் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று அன்று முழுவதும் உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் அண்ணாச்சி, சாமான் வரலக்கா, திருநவேலில இருந்து வரணும்லா என்பார், கம்பியில் ஒரு நட்டைத் திருகி, இப்ப ஓட்டிப் பாருங்க என்பார். ஓட்டிப் பார்த்தால் பழையபடிதான். ஒரு நாள் நான் சத்தம் போட்டபோது அவர் என் முகத்தைப் பாராமல், பிரேக்ல குத்தமில்லக்கா, ஒங்க கையிலதான் பிடி கொறஞ்சிட்டு, வயசாகுதுல்லா என்றார். சைக்கிளுக்கு வைத்தியம் பார்க்கிற மனுஷன் சொல்லுகிறாரே என்று நம்பிவிட்டேன். தினமும் எட்டு மணி நேரம் கத்திரியில் கெட்டித் துணி வெட்டுகிற கைக்கு ஒரு பிரேக்கை அழுத்த வலு இல்லாமல் போகுமா என்று இந்த மடச்சி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, பார்த்துக்கொள்.

ஆடியில் விழுந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் போனில் நான் பாதிதான் சொன்னேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, இலஞ்சியில் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் பையையும் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் வருகிறேன். முன்னால் போன வேன் ரோட்டோரத்துப் பழக்கடைக்காக நின்றுவிட்டது. இரண்டு பிரேக்கையும் விரல் வலிக்க அழுத்தினேன், சைக்கிள் அதன் பாட்டுக்குப் போகிறது. வேனில் மோதாமல் ஒடித்தேன், நேராக முருகம்மாள் என்கிற பெண்ணின் ரம்புத்தான் கடைக்குள் போய் விழுந்தேன். கடைக்கு அந்தப்பக்கம் அவள் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தது, ஒரு முழம் தள்ளி. இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, யக்கா, கைக்கு வலு இல்லன்னா எதுக்கு ஓட்டுத, எம்பிள்ள மேல விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் என்று கேட்டாள். ரோடு முழுக்க உருண்ட பழத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று உன்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது, இனி அது வேண்டாம்மா, வித்துரு என்றாய். கைக்கு வலு வரட்டும் என்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை ஒரு மாதம் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணியைத் திருப்பிக் கொடுத்தது அந்த மாதத்தில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, இனி பிரேக் எல்லாம் வேண்டாம், சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அண்ணாச்சி கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மனுஷனுக்கு என் முகத்தைப் பார்த்து என்னவோ செய்திருக்கிறது. அவசரப்படாதீங்கக்கா, வயர் பிரேக் எப்படி இருக்கும்னு படமாவது பாத்துட்டுச் சொல்லுங்க என்று போனை எடுத்தார். ஏற்கெனவே அதை உனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் போல. படத்தைத் தொடப்போனவர் விரல் அதற்குக் கீழே இருந்த உன் வாட்ஸ்அப் குரல் பதிவில் பட்டுவிட்டது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் இரண்டு பேர் நிற்க, கடை முழுக்க உன் குரல் கேட்டது. அண்ணாச்சி, சாமான் வரலன்னே சொல்லிட்டிருங்க, பிரேக் பிடிக்கலன்னா அம்மாவே பயந்து போட்டுருவா, அப்பாட்டயும் சொல்லிட்டேன், நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்கிடாதீங்க. அவர் போனை நிறுத்தத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார். நான் தலையைத் தூக்கினேன். உத்தரத்தில் சாக்கு சுற்றிப் புது ரிம் இரண்டு தொங்கியது. ஆனிப் பிறப்பிலேயே வந்துவிட்டதாம். இரண்டு மாதமாக நான் அதற்குக் கீழேதான் நின்று, சாமான் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒங்க பாப்பா அழுதுல்லா சொல்லிச்சி, நான் என்னக்கா செய்ய என்றார் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டால், அவ நல்லதுக்குத்தான சொல்லுதா என்று எழுந்து போய்விட்டார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. உங்கள் ஊரில் எழுபது வயதுப் பாட்டிகள்கூடச் சைக்கிளில் கடைக்குப் போகிறார்கள், பாரும்மா என்று படம் அனுப்பியவள் நீதானே. நீயே பேத்தியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறாய். உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கு ஒன்று என்றால் விமானத்தில் அத்தனை மணி நேரம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்து வரவேண்டுமே என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டாதே என்று வைகாசியிலேயே நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே. எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவள் நீ. கேரியரைப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி மைதானத்தில் கையை எடுத்துவிட்டாய், அந்தப் பொய்யால்தான் நான் ஓட்டவே கற்றேன். இந்தப் பொய்யால் என் கையையே நான் நம்பாமல் போனேன். பிரேக் பிடிக்காவிட்டால் அம்மா பயந்து நிறுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டாயே, முப்பது வருஷத்துக்கு மேல் என்னைப் பார்த்தவள், பிடிக்காத பிரேக்கோடும் நான் ஓட்டுவேன் என்று தெரியாதா? முருகம்மாள் பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பழி என் தலையில் விழுந்திருக்கும். கை தளர்ந்தவள் என்று நானும் அதை ஏற்றுக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருப்பேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. உன் குரலைக் கேட்ட மறுநாளே அண்ணாச்சி கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாக்கை அவிழ்க்கச் சொல்லி, ரிம், வயர், கட்டை எல்லாம் என் கண்ணெதிரே போடவைத்தேன். சாப்பிடக்கூடப் போகாமல் மாட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாரலிலேயே ஐந்தருவிக்குப் போனேன். திரும்பும்போது அதே இறக்கத்தில் லேசாகத்தான் தொட்டேன், சைக்கிள் நின்றுவிட்டது. நனைந்த ரோட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று அழுதேன். முருகம்மாள் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னக்கா, மறுபடியும் விழுந்தியா என்றாள். இல்லை, நின்றுவிட்டேன் என்றேன். கடையத்துக்குப் போன் போட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், மூன்று ஜாக்கெட் வெட்டியாகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை, மறைக்காமல் சொல்லுகிறேன். நீ போனில் அம்மா என்று கூப்பிடும்போது, இதற்கு முன்னால் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டு இப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே.

குளிர் தொடங்கும் முன் பேத்திக்குக் காது மூடுகிற தொப்பி வாங்கிவிடு, மாப்பிள்ளையை வெறும் வயிற்றில் காப்பி குடிக்கவிடாதே, உன் சைக்கிளிலும் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார். மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், கோபத்திலும் அம்மாவின் ஆசீர்வாதம் குறையாது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மறக்காமல் உன் கையால் எழுதிப் பதில் போடு. விழுந்த அன்று, என் கை போய்விட்டது பிள்ளே, இனி ஊசிகூடப் பிடிக்க முடியாதோ என்று போனில் அழுதேனே, அப்போது நீ அரை நிமிஷம் பேசாமல் இருந்தாய். நீயும் எனக்காக அழுகிறாய் என்று நினைத்து, நான் என் அழுகையை விட்டுவிட்டு உன்னைத் தேற்றினேன். அந்த அரை நிமிஷத்தில் உண்மை உன் வாய்வரைக்குமாவது வந்ததா? வந்தது என்றால் அதை மட்டும் எழுது, எனக்கு அது போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா,
சங்கரேஸ்வரி.